நெஞ்சடிப்புக்கு ஓடிய தறிகள்

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மின்வாரியக்காரர்கள் கம்பி பார்ப்பதற்காக மாதம் ஒருமுறை காலையிலேயே கரண்டை நிறுத்துவார்களே அந்த நாளில், எங்கள் மேட்டுத் தெருவின் நூற்றுச் சொச்சம் விசைத்தறிகளும் ஒரே மூச்சில் வாயை மூடிக்கொண்ட பிறகும், ஒரு தறி மட்டும் எங்கேயோ டக்கடக் டக்கடக் என்று ஓடிக்கொண்டே இருந்தது. எவனோ நமக்குத் தெரியாமல் ஜெனரேட்டர் வாங்கிவிட்டான் என்றுதான் முதலில் எல்லோருக்கும் வயிறு எரிந்தது. தெருவில் எந்தத் தறி நொண்டினாலும் சரிசெய்கிற மேஸ்திரி அங்கமுத்து, ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, காதைத் தீட்டியபடி வீடு வீடாகப் போய், கடைசியில் என் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

என் பெயர் அர்த்தநாரி. இருபத்துநாலு தறி, தெருவில் பெரிய பட்டறை என்னுடையதுதான். பதினோரு வருஷமாக என்னிடம் தறி ஓட்டுகிற சென்னியப்பன், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சட்டை நனைய வேர்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்திருந்தான். மேஸ்திரி அவன் முதுகில் காதை வைத்துப் பார்த்தார்.

“சத்தம் இவங்கிட்ட இருந்துதானுங் வருது. பெல்ட்டு தளந்த தறியாட்டவே அடிக்குது,” என்றார்.

“செத்துருவேன் போல இருக்குதுங்ண்ணா,” என்றான் சென்னியப்பன். “கையி காலெல்லாம் மரத்துப் போச்சு. மூச்சு பாதியிலயே நிக்குது.”

நாங்கள் தறிக்காரர்கள். எது சத்தம் போட்டாலும் ஒன்று அதை இறுக்க வேண்டும், இல்லை எண்ணெய் விட வேண்டும் என்பதுதான் எங்கள் படிப்பு. மேஸ்திரி அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டி, உச்சந்தலையில் ஒரு கை விளக்கெண்ணெயை வைத்துத் தேய்த்தார். இருபது நிமிஷத்தில் சத்தம் தானாக அடங்கியது. அடங்கிய பெருமை விளக்கெண்ணெய்க்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த வாரம் மூன்று தடவை வந்தது. அவன் பெண்டாட்டி மரகதம், என் பட்டறையில் ஊடைநூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுகிறவள், அவனை ஈரோட்டில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போய், நெஞ்சில் கம்பி வைத்துப் படம் எடுத்து, ரத்தம் எடுத்து, ஓடவிட்டும் பார்த்துவிட்டு, உன் இதயம் நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்ற நல்ல செய்தியோடு திரும்பினாள். இதயத்தில் ஒன்றுமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஒன்றுமே இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதற்கப்புறம் அவன் நெஞ்சு தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அடித்தாலும் எங்களுக்கு அது கோயில் மேளம் மாதிரிப் பழகிவிட்டது. டீக்கடையில், ‘சென்னியப்பனுக்கு ஆரம்பிச்சுருச்சு, மணி பத்தாச்சாட்ட இருக்குது,’ என்று கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

புத்தி சொல்வதில் மட்டும் நாங்கள் குறை வைக்கவில்லை. மாதுளம்பழம் தின்னச் சொன்னோம், பயந்த கோளாறுக்குத் திருநீறு போடச் சொன்னோம், கையில் கறுப்புக் கயிறு கட்டினோம், வேலைவெட்டி இல்லாதவனுக்குத்தான் இதெல்லாம் வரும் என்று காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை ஆறு தறி ஓட்டுகிறவனிடம் சொன்னோம், தைரியமாக இரு என்று சொன்னோம், அந்த ஒன்றைத்தான் அதிகம் சொன்னோம். அவன் முதலில் பஸ் ஏறுவதை நிறுத்தினான். பஸ்ஸில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். பிறகு சந்தைக்குப் போவதை நிறுத்தினான். பிறகு மகள் பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு, முடிவெட்டும் கடைக்கு. வீட்டுக்கும் என் பட்டறைக்கும் நடுவே இருக்கிற நாற்பது அடியில் அவன் உலகம் முடிந்தது. பொம்பளை மாதிரி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறான் என்று நாங்கள் சிரித்தோம்.

ஆடி பதினெட்டு கழிந்து ஒரு வாரம் இருக்கும். தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே அவனுக்கு வந்தது. நெஞ்சு நிமிஷத்துக்கு நூற்று முப்பது அடித்தது. ஒவ்வொரு தறியாகத் தன் அடியை மாற்றி, அவன் அடிக்கு வந்து சேர்ந்தது. முதலில் அவன் நின்ற தறி, பிறகு என் இருபத்துநாலும், பிறகு பக்கத்துப் பட்டறை, பிறகு எதிர்ச்சாரி. அதுவரை மின்வாரியம் சொல்வதைக் கேட்டுவந்த மோட்டார்கள் அன்று முதல் சென்னியப்பன் சொல்வதைக் கேட்டன. ஊடைநூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அந்த அரைமணி நேரத்தில் தெரு முழுக்க ஒரு நூல் அறவில்லை. நூல் அறாத அரைமணி நேரத்தை எங்கள் தெருவில் பிறந்த எவனும் பார்த்ததில்லை. ஓடிவந்த மேஸ்திரி தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, சாமி வந்தவர் மாதிரி நின்றார்.

மறுநாள் என் பட்டறை வாசலில், இரண்டு சாரிக்கும் சம தூரத்தில், கைவைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு அதில் சென்னியப்பனை உட்காரவைத்தோம். இனி அவன் தறி ஓட்ட வேண்டாம், உட்கார்ந்தால் போதும். கூலி உண்டு, டீ உண்டு, மத்தியானம் வீட்டுக்கு ஒருநாள் முறைவைத்துச் சோறு உண்டு, வெயிலுக்கு மேலே சாக்குப் பந்தல்கூட உண்டு. ராஜ மரியாதை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ஒரே ஒரு சங்கடம். நிம்மதியாக இருக்கும்போது மனுஷன் நெஞ்சு எழுபத்திரண்டுதான் அடிக்கிறது. அதற்குத் தறி ஓடினால், அசைபோடுகிற எருமை மாதிரி ஓடுகிறது. தீபாவளி லுங்கி ஆர்டர் தலைக்கு மேல் இருக்கும்போது யார் வீட்டிலும் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

முதல் தடவை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ரோட்டில் லாரி டயர் வெடித்தது. இரண்டாம் தடவை காகிதப்பையை ஊதி உடைத்தது யாரென்று எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். அப்புறம் அதற்கும் முறை வந்தது. அன்றைக்குச் சோறு போடுகிற வீடே பயமும் காட்ட வேண்டும் என்று பேசி முடித்தோம். ஒரு வீட்டில் தகரத்தைத் தட்டினார்கள், ஒரு வீட்டில் அவன் மகள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். இவ்வளவு சிரமம் தேவையே இல்லை என்று கண்டுபிடித்தவன் நான்தான். ஒருநாள் அவன் எதிரே உட்கார்ந்து, நிஜமான அக்கறையோடுதான், “ஏன் சென்னியப்பா, இன்னைக்கு இன்னும் வரலையா?” என்று கேட்டேன். அவ்வளவுதான். அவன் கண் உள்ளுக்குள் போயிற்று, எங்கே எங்கே என்று தன் நெஞ்சைத் தானே தேடிப் பார்த்தான், தேடினவன் கையில் அது கிடைத்தது. தறிகள் பறந்தன. பயத்தைப் பற்றிய பயம் இருந்தால் போதும், வேறு பூச்சாண்டி வேண்டியதில்லை. தெரு முழுக்க என்னை மெச்சினார்கள்.

ஆவணி கடைசியில், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வருகிற நர்ஸ் பியூலா எங்கள் தெருவுக்கு வந்தாள். ஊசிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சாக்குப் பந்தலின் கீழ் நடுங்கிக்கொண்டிருந்தவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “மூச்ச இழுக்கறதப் பத்திக் கவலைப்படாதீங்க. விடறத மட்டும் மெதுவா விடுங்க. நானும் உங்ககூட விடறேன்,” என்றாள். இருவரும் விட்டார்கள். இது சாவு இல்லை, வந்த மாதிரியே போய்விடும், பத்து நிமிஷம் இருக்கட்டும் என்று இடையிடையே சொன்னாள். நெஞ்சு நூற்றுப் பத்துக்கு இறங்கியது, தொண்ணூறு, எண்பது. தெருவின் தறிகள் எல்லாம் அவனோடு சேர்ந்து இறங்கின, இறங்கிய வேகத்தில் பாவு நூல்கள் பொலபொலவென்று அறுந்தன. எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. அறுந்த நூலைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் வெளியே வந்து, ஒரு மனுஷன் மூச்சு விடுவதைக் கோபத்தோடு பார்த்துக்கொண்டு நின்றோம்.

பியூலா மரகதத்தைக் கூப்பிட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

“இதுக்குப் பேரு பதற்ற நோய். நடிப்பும் இல்ல, காத்து கருப்பும் இல்ல, கோழைத்தனமும் இல்ல. சர்க்கரை, பிரஷர் மாதிரி இதும் ஒரு வியாதி, மருந்து இருக்கு. வியாழக்கிழமை வியாழக்கிழமை ஜில்லா ஆஸ்பத்திரில மனநல டாக்டர் பாக்கறாங்க. மாத்திரையும் குடுப்பாங்க, உக்கார வெச்சுப் பேசவும் பேசுவாங்க. முக்காவாசிப் பேரு சில மாசத்துல தேறிடறாங்க.”

“பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டருங்களா?” என்றாள் மரகதம்.

“மனசுக்குப் பாக்கற டாக்டரு. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் சோறும் கெட்டுப்போனா, போய்வந்த எடத்துக்கெல்லாம் போக முடியாமப் போனா, போகணும். செத்துரலாமான்னு ஒரு தடவ வாயில வந்துட்டா, கெழமையெல்லாம் பாக்கக் கூடாது. அன்னைக்கே வரணும். ராத்திரியா இருந்தாலும் வரணும்.”

அன்றிலிருந்து எங்கள் தெருவில் அந்த நோயின் பெயர் தெரியாதவன் கிடையாது, கிழமை தெரியாதவன் கிடையாது, எந்த பஸ் அங்கே போகிறது என்று தெரியாதவன் கிடையாது. அறியாதவர்கள் என்று எங்களை ஒருத்தரும் சொல்ல முடியாது.

முதல் வியாழக்கிழமை ஆட்டோக்காரன் வரவில்லை. அவன் தம்பிக்கும் நாலு தறி. இரண்டாம் வியாழக்கிழமை நானே மரகதத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன்.

“தீவாளி போவட்டும் அம்மிணி. நானே காருல கூட்டிட்டுப் போறேன். இப்ப மனசு டாக்டருகிட்டப் போயிட்டு வந்தான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு உம் புள்ளைய எவன் கட்டுவான்? உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அவள் எழுந்து தார் சுற்றப் போனாள்.

மூன்றாம் வியாழக்கிழமை அவனைக் கையில் பிடித்துக்கொண்டு அவளே நடந்து கிளம்பிவிட்டாள். பஸ் நிற்கிற இடத்துக்கு நாற்பத்தாறு வீடு கடக்க வேண்டும். யாரும் அவனைத் தடுக்கவில்லை, தொடவில்லை, அதட்டவில்லை. வாசலுக்கு ஒருத்தராக நின்று, அவன் கடக்கும்போது, பிரியமாக, ஒரே ஒரு கேள்வி கேட்டோம். “பஸ்ஸுல வந்துட்டா என்ன சென்னியப்பா பண்ணுவே?” முதல் வீட்டில் கேட்டார்கள், இரண்டாம் வீட்டில் கேட்டார்கள், பால்காரன் வீட்டில் கேட்டார்கள், வாத்தியார் வீட்டில் கேட்டார்கள், நேற்றுக் கல்யாணமாகி வந்த பெண்கூட முந்தானையைக் கடித்துக்கொண்டு கேட்டாள். இருபத்தொன்பதாவது வீட்டு வாசலில் அவன் உட்கார்ந்துவிட்டான். மரகதம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தறிகள் அன்றைக்குப் போல என்றைக்கும் ஓடியதில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நாங்கள் அவரவர் தறிக்குத் திரும்பிப் போனோம்.

ஐப்பசி இரண்டாவது வாரம், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை காலை அவன் பல் விளக்கிக்கொண்டே, “இப்படி இருக்கறதுக்கு, போயிட்டாத் தேவலை,” என்று சொன்னானாம். மரகதம் அடுப்பை அணைத்தாள். தார் சுற்றும்போது கழிகிற பஞ்சை ஒரு பிடி எடுத்து இறுக்கி உருட்டி அவன் இரண்டு காதிலும் அடைத்தாள். தலையில் ஈரத்துண்டைப் போட்டுக் கண்மேல் இழுத்துவிட்டு, “என்ற குதிகாலை மட்டும் பாத்துக்கிட்டே வாங்க,” என்று கையால் காட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.

நாங்கள் கேட்டோம். சத்தம் போட்டுக் கேட்டோம். சிலர் அவன் கூடவே ஓடிக் கேட்டார்கள். அவன் பெண்டாட்டியின் குதிகாலைப் பார்த்தபடி, மூச்சை மெதுவாக விட்டபடி, நாற்பத்தாறு வீட்டையும் கடந்து போனான். நெஞ்சு அடிக்காமல் இல்லை. அடித்தது, தெருவே அதிர அடித்தது. அதோடேயே அவன் பஸ் ஏறினான். படிக்கட்டில் நின்று மரகதம் திரும்பி எங்களைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தோம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் அவள் தம்பி வந்து, அவர்கள் மகளையும் துணிமணியையும் எடுத்துக்கொண்டு போனான்.

பஸ் போன திசையில் சத்தம் தேய்ந்ததும் தறிகள் தடுமாறின. இரண்டரை மாதம் ஒரு நெஞ்சுக்கு ஓடிப் பழகிய மோட்டாருக்கு வெறும் கரண்டு பிடிக்கவில்லை. ஒன்று ஓடினால் ஒன்று நின்றது, கை வைத்த இடமெல்லாம் நூல் அறுந்தது. மேஸ்திரி அங்கமுத்து ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கோ தீபாவளிச் சரக்கு பாதி நிற்கிறது, மகள் சுகன்யாவுக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை, சரக்கு எப்போது வரும் என்று கேட்ட வியாபாரிக்குப் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் இடதுகை விரல்கள் மரத்துப்போயின. யாரோ நெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றான். வாசல் இருந்த இடத்தில் வாசல் இல்லை. செத்துப்போகிறேன் என்று நினைத்தேன், நினைக்கவில்லை, அது தெரிந்தது. கை தெரிகிற மாதிரி, சுவர் தெரிகிற மாதிரித் தெரிந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அப்போது சென்னியப்பன் முகம் ஞாபகம் வந்தது, வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தையும் பயம் தின்றுவிட்டது.

வெளியே தறிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்வது கேட்டது.

தெருக்காரர்கள் வந்து என் பட்டறை வாசலில் நின்றார்கள். ஒருத்தரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. மேஸ்திரி என் முதுகில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “நூத்தி முப்பதுங்,” என்றார், பிள்ளை பிறந்த செய்தி சொல்கிற மாதிரி. முதலாளி தெருவில் உட்காரக்கூடாது என்று மரியாதையாக நாற்காலியைப் பட்டறைக்கு உள்ளே, நடுத்தறிக்குப் பக்கத்தில் போட்டார்கள். அந்தத் தீபாவளிக்குச் சரக்கு ஒருநாள் முன்னாடியே போய்ச் சேர்ந்தது.

எனக்கு நோயின் பெயர் தெரியும். கிழமை தெரியும். பஸ் தெரியும். ஒருநாள் என் சம்சாரம் பொன்னாத்தாளிடம் சொன்னேன், வியாழக்கிழமை போய்வந்துவிடலாம் என்று.

“புள்ள கல்யாணம் முடியட்டுங்க,” என்றாள். “சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. தைரியமா இருங்க.” சொல்லிவிட்டு, என் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, தட்டில் சோற்றைப் போட்டாள். அவள் கெட்டவள் இல்லை. நாங்கள் யாருமே கெட்டவர்கள் இல்லை.

மார்கழி பாதியில் டீக்கடைக்காரர் சென்னியப்பனைப் பவானிக் கூடுதுறையில் பார்த்ததாகச் சொன்னார். குளித்துவிட்டு, ஈரவேட்டியோடு படியில் உட்கார்ந்து, மகளோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். இன்னும் மாத்திரை சாப்பிடுகிறானாம். நடுவில் ஒருதரம் வந்ததாம், வந்து போனதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நெஞ்சுச் சத்தம் கேட்கவில்லை என்றார். என்னைப் பற்றி இவர்தான் அங்கே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு என் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மரகதம் இறங்கினாள். பொன்னாத்தாள் கேட்டுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

“வா மரகதம். நல்லா இருக்கறயா? மாப்ள எப்படி இருக்கறாரு?”

“நல்லா இருக்கறாருங்க்கா. அவருதான் அனுப்பிச்சாரு. அண்ணன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. அங்க கேட்டுக்கிட்ட நிக்கறாரு, சீட்டு போட்டு வெச்சுக்கிட்டு.”

“அண்ணன் வீட்டுல இல்லியே,” என்றாள் பொன்னாத்தாள். “கல்யாணச் சாமானம் வாங்க சேலம் போயிருக்கறாரு.”

அவள் அதைச் சொல்லும்போது என் நெஞ்சு தெரு முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. நூற்று இருபத்தெட்டு, நூற்று முப்பது, நூற்று முப்பத்திரண்டு. ஆட்டோக்காரன் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். மரகதம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பட்டறை இருட்டுக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“ஏனுங்ண்ணா,” என்று கூப்பிட்டாள். “உள்ள இருக்கறீங்களா? வரீங்களாண்ணா? நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

எழுந்திருக்கக் கால் இல்லை. ஆனால் வாய் இருந்தது. சம்பந்தி வீட்டை நினைத்தேன், தெருவை நினைத்தேன், எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு என்னால் முடிந்த மட்டும் உரக்க, “வர்றேன் அம்மிணி,” என்றேன். என்னைச் சுற்றி இருபத்துநாலு தறி என் நெஞ்சின் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது தடவை சொன்னபோது அவை இன்னும் வேகம் பிடித்தன. என் குரல் என் காதுக்கே வந்து சேரவில்லை.

மரகதம் தறிச் சத்தத்துக்கு நடுவே ஏதாவது பதில் கேட்கிறதா என்று காதைக் கம்பியோடு வைத்துப் பார்த்தாள். பொன்னாத்தாள் அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.